நள்ளிரவுக் குரைப்பிருமல்: குன்னூர்ப் பக்கம் ஒரு குழந்தை, ஏழு மணி நேரம்

இதில் வரும் குழந்தை ஒரே ஒரு குழந்தை அல்ல. மலைப்பகுதியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் ‘குரூப்’ (குரல்நாண்களுக்குக் கீழே வைரஸால் வரும் வீக்கம்) வந்த குழந்தைகளுக்கு வழக்கமாக நடப்பதையும், வழக்கமாக நடக்கும் தவறுகளையும் ஒரே இரவில் கோத்திருக்கிறோம். மருந்தளவுகள் 11 கிலோ எடைக்குப் போட்ட கணக்கு. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அட்ரினலினும் மருத்துவர் கையால் மட்டுமே கொடுக்க வேண்டியவை.

குழந்தை: ஆண், 20 மாதம், 11 கிலோ. வீடு: குன்னூரிலிருந்து 14 கிலோமீட்டர் தள்ளி, தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. இரண்டு நாளாக மூக்கொழுகல், லேசான காய்ச்சல் (100.6 டிகிரி ஃபாரன்ஹீட்). மாலையில் குரல் கம்மியிருந்தது; அழுதபோது பாதி காற்றுதான் வந்தது. சாப்பிட்டான், விளையாடினான், எட்டரைக்குத் தூங்கிவிட்டான். அந்தக் குரல் கம்மலை யாரும் பொருட்படுத்தவில்லை. அன்றைக்குக் கிடைத்த ஒரே முன்னறிவிப்பு அதுதான்.

இரவு 1.15

தூக்கத்திலிருந்து திடுக்கென்று எழுந்து இருமினான். நாய்க்குட்டி குரைப்பது போன்ற, அல்லது காலி டப்பாவைத் தட்டுவது போன்ற இருமல். இருமலுக்கு இருமல் நடுவே மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கரகரத்த கூவல். பாட்டி உடனே சொன்னார்: “பையனுக்கு இழுப்பு வந்திருச்சு.”

அந்த ஒரு சொல் அன்றிரவு இரண்டு மணி நேரத்தை விழுங்கியது. இழுப்பு என்று நாம் சொல்வது வீசிங். நுரையீரலின் சிறு குழாய்கள் சுருங்குவதால் மூச்சை வெளியே விடும்போது வரும் விசில். குரூப் அது அல்ல. வைரஸ் தொற்றால் குரல்நாண்களுக்குக் கீழே உள்ள பகுதி வீங்குகிறது. அதனால் மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வருகிறது. அதற்கு ஸ்ட்ரைடர் என்று பெயர். கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான் என்பவையும் வேறு நோய்கள். குரூப்புக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லாததால், வீட்டில் கையில் கிடைத்த பெயரைச் சூட்டிவிடுகிறோம். பெயர் முக்கியமில்லை. சத்தம் மூச்சு உள்ளே போகும்போதா, வெளியே வரும்போதா என்று பத்து மூச்சு நின்று கவனித்தால் போதும். செல்போனில் இருபது வினாடி வீடியோ எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. எடுக்கும்போது சட்டையை மார்புக்கு மேலே சுருட்டி விடுங்கள். சத்தத்தோடு விலாவும் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் சத்தம் அடங்கியிருந்தால் மருத்துவருக்கு அந்த வீடியோதான் சாட்சி.

இவ்வளவு சின்ன வீக்கம் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது? குரல்நாண்களுக்குக் கீழே கிரிகாய்டு என்ற குருத்தெலும்பு வளையல் போல முழு வட்டமாக இருக்கிறது. உள்ளே வீங்கினால் வெளிப்பக்கம் விரிய இடமில்லை; வழிதான் குறுகும். குழந்தையின் மூச்சுவழி அங்கே 4 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் ஆரம் பாதியாகிறது. காற்றுக்கான தடை 16 மடங்காகிறது. 8 மில்லிமீட்டர் உள்ள பெரியவருக்கு அதே வீக்கம் வந்தால் தடை மூன்று மடங்குதான் கூடும், குரல் கம்மலோடு போய்விடும். குழந்தை அழுதால் காற்று சுழன்று அடித்துக்கொண்டு ஓடுவதால் அந்த 16, 32 ஆகிறது. இந்த நோயில் குழந்தையை அழவிடாமல் இருப்பது கொஞ்சல் அல்ல, வைத்தியம். இனி வருவது எல்லாவற்றையும் இந்தக் கணக்கை வைத்தே படிக்கலாம்.

1.20 முதல் 1.35 வரை: நான்கு தவறுகள்

முதலில் அப்பா டார்ச் அடித்து, கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. வீக்கம் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. குழந்தை வீறிட்டது, கூவல் இரட்டிப்பானது. அதுவே எபிகிளாட்டிஸ் (குரல்வளை மூடி) வீக்கமாக இருந்திருந்தால் அந்தக் கரண்டியாலேயே மூச்சு முழுதாக அடைபட்டிருக்கலாம்.

அடுத்து ஆவி. கொதிக்கும் பானையில் நீலகிரித் தைலம் நாலு சொட்டு, மேலே போர்வை. ஈரக்காற்று குரூப்பைக் குறைக்குமா என்பதை டொரோண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் 140 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. முழு ஈரப்பதம் கொண்ட காற்றுக்கும் சாதாரண ஈரப்பதத்துக்கும் வித்தியாசம் இல்லை. பலனும் இல்லாத இடத்தில் துள்ளும் குழந்தையையும் கொதிக்கும் பானையையும் ஒரே போர்வைக்குள் வைப்பதை எப்படி நியாயப்படுத்துவது? தைலம் தனிச் சிக்கல். யூகலிப்டஸ், சூடம், மெந்தால் மூன்றையும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகக் கூடாது. மெந்தால் நெடி குரல்வளையை இறுக்கிவிடலாம். சூடமோ யூகலிப்டஸோ வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம்.

மூன்றாவது பாலாடை. உரை மருந்து உரசித் தலையைச் சாய்த்து ஊற்றப் பார்த்தார்கள். மூச்சுக்கே திணறும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும். தானாக வாங்கிக் குடித்தால் குடிக்கட்டும்.

நான்காவதை யாரும் தவறு என்றே நினைக்கவில்லை. அறை மூலையில் கரி கணகணவென்று எரிந்த கணப்புச் சட்டி, சாத்திய ஜன்னல், இடுக்கில் திணித்த துணி. புகை வீங்கிய தொண்டையை எரிச்சலூட்டும் என்பது ஒரு பக்கம். மூடிய அறையில் கரி நெருப்பு கார்பன் மோனாக்சைடு கக்கும், அதற்கு நெடியும் கிடையாது. குளிர் தாங்கவில்லை என்றால் கம்பளியைக் கூட்டுங்கள், கணப்பை வெளியே வையுங்கள்.

1.35: வாசல் திண்ணை

வீட்டுக்குள் புகை, ஆவி, கூச்சல். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. குழந்தையைக் கம்பளியில் சுற்றி, குல்லா போட்டு, வாசலுக்குத் தூக்கிப் போனார். ஏழெட்டு டிகிரிக் குளிர். திண்ணையில் உட்கார்ந்து, குழந்தையின் முதுகு தன் மார்பில் சாய்ந்திருக்க நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டார். முகம் மட்டும் வெளியே. தெருவிளக்கைக் காட்டி ஏதோ முணுமுணுத்தார். பத்து நிமிடத்தில் அழுகை நின்றது. இருபது நிமிடத்தில் சும்மா இருக்கும்போது வந்த கூவல் நின்றது.

அன்றிரவு வீட்டில் நடந்ததிலேயே சரியான வைத்தியம் இதுதான். ‘பனியில் கொண்டு போகாதே’ என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோதும் அவர் எழவில்லை. பனிக்காற்றுக்குப் பலன் உண்டு என்பதை ஜெனீவாவில் 118 குழந்தைகளிடம் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரு வேளை டெக்சாமெத்தசோன் கொடுத்துவிட்டு, பாதிப் பேரை 10 டிகிரிக்குக் குறைவான வெளிக்காற்றில் 30 நிமிடமும், மீதிப் பேரை அறைக்குள்ளும் வைத்தார்கள். அரைமணி நேரத்தில் தெளிவாகத் தேறியவர்கள் வெளியே 59-க்கு 29. உள்ளே 59-க்கு 14. மிதமான குரூப்பில்தான் பலன் அதிகம் தெரிந்தது. ஆனால் குளிர்காற்று நேரம் வாங்கித் தரும், நோயைத் தீர்க்காது. உடம்பை மூடி, முகத்தை மட்டும் காட்டி, பத்து முதல் முப்பது நிமிடம். ஈரத்துணியோடு வேண்டாம், குப்பை எரியும் பக்கம் வேண்டாம். சென்னையிலோ மதுரையிலோ இந்தக் குளிர் கிடைக்காது. அங்கே மடியும் நிமிர்ந்த உட்காரலும் அமைதியும்தான் மிச்சம், அவையும் சின்ன விஷயங்கள் அல்ல.

2.40: திரும்ப வந்தது

குழந்தை தூங்கியதும் வீடே தூங்கியது. விழித்திருந்து கேட்க ஓர் ஆள் வேண்டும், குரூப் இரவில் அதுதான் முக்கியமான வேலை. நல்லவேளை, அம்மா பக்கத்திலேயே படுத்திருந்தார். தூக்கத்திலேயே ஒவ்வொரு மூச்சுக்கும் கூவல். கழுத்துக்குழியும் நெஞ்சுக்குழியும் மூச்சுக்கு மூச்சு உள்வாங்கின. இரவில் இது மோசமாவதற்கு உடலின் சொந்த கார்டிசால் சுரப்பு நள்ளிரவையொட்டித் தாழ்வதும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

அழும்போது மட்டும் கூவல் வந்தால் வீட்டில் வைத்துக் கவனித்து, காலையில் மருத்துவரிடம் காட்டலாம். அமைதியாக இருக்கும்போதும் கூவல் இருந்தால் நேரத்தைப் பார்க்காமல் கிளம்ப வேண்டும். எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகுவது, உதடு நீலம் அல்லது சாம்பல் நிறமாவது, துவண்டு கண் சொருகுவது, இதில் எது வந்தாலும் 108. ஒரு பொறி இருக்கிறது: விலா குழிவிழுந்துகொண்டே இருக்க, சத்தம் மட்டும் குறைந்து குழந்தை மந்தமானால் அது தேறுதல் அல்ல. கூவ வேண்டிய அளவு காற்றுகூட உள்ளே போகவில்லை, குழந்தை களைத்துவிட்டது என்று பொருள்.

108 வந்தது. பயணத்தில் இரண்டு விஷயம். படுக்க வைக்காமல் அம்மா மடியிலேயே நிமிர்ந்து இருக்க வேண்டும். குழந்தையே தனக்கு வசதியான கோணத்தைத் தேர்ந்தெடுக்கும், அதை மாற்ற வேண்டாம். மற்றது எங்கள் அழுத்தமான கருத்து: வழியில் இரவு மருத்துவர் இருக்கும் அரசு நிலையம் ஏதாவது இருந்தால் டெக்சாமெத்தசோனை அங்கேயே கொடுத்துவிட்டு மேலே அனுப்புங்கள். வேலை செய்ய அந்த மருந்துக்கு நேரம் வேண்டும்; அந்த நேரம் கொண்டைஊசி வளைவுகளிலேயே கழிந்துவிடட்டும்.

3.25: ஆஸ்பத்திரியில்

“இழுப்புங்க” என்று பாட்டி சொன்னார். “நெபுலைசர் வையுங்க” என்று உள்ளிருந்து பதில் வந்தது. சால்புட்டமால் போட்டு மாஸ்கை முகத்தில் கட்டினார்கள். குழந்தை மாஸ்கோடு மல்லுக்கட்டியது, கூவல் ஏறியது, நாடித்துடிப்பு எகிறியது. சால்புட்டமால் நுரையீரல் குழாய்களின் தசையைத் தளர்த்தும் மருந்து. குரல்நாண்களுக்குக் கீழே உள்ள வீக்கத்தில் அதற்கு வேலை இல்லை. கால் மணி நேரம் போனது. பணி மருத்துவர் வீடியோவைப் பார்த்ததும், “இது மேல் மூச்சுவழி” என்று மாஸ்கைக் கழற்றச் சொன்னார்.

பிறகு அவர் செய்த பரிசோதனை மூன்றடி தள்ளி நின்று பார்த்தது மட்டும்தான். குரூப்பின் கடுமையை அளக்க வெஸ்ட்லி மதிப்பெண் என்று ஒரு கணக்கு உண்டு, மொத்தம் 17. ஓய்விலும் ஸ்ட்ரைடர், 2. விலா உள்வாங்கல் மிதம், 2. காற்று நுழைவு சற்றுக் குறைவு, 1. நீலம் இல்லை, நினைவு தெளிவு. ஆக 5. இரண்டு வரை லேசு, 3 முதல் 7 வரை மிதம், 8-உம் அதற்கு மேலும் கடுமை. விரலில் மாட்டிய ஆக்சிஜன் மீட்டர் 95 காட்டியது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம்; சமவெளியைவிட ஒன்றிரண்டு புள்ளி குறைவாகத்தான் காட்டும். அந்த எண்ணை வைத்து நிம்மதி அடையவும் கூடாது, ஏனென்றால் குரூப்பில் ஆக்சிஜன் கடைசியில்தான் விழும். கண் பார்க்கும் விலா முந்தியே சொல்லிவிடும்.

வேறு நோய்களை ஒரு நிமிடத்தில் ஒதுக்கினார். எச்சில் ஒழுகவில்லை, அதிகக் காய்ச்சல் இல்லை, குரைப்பிருமல் உண்டு: எபிகிளாட்டிஸ் வீக்கம் அல்ல. அந்த நோய்க்கு முக்கியக் காரணமான ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து, தமிழகத்தில் 2011 டிசம்பரில் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே இருக்கிறது. மூன்று தவணையும் போட்டிருந்தார்கள். தொண்டை அடைப்பானுக்கும் அந்தத் தடுப்பூசி அட்டைதான் பதில். இரண்டு நாள் சளி, இரவில் தொடக்கம்: கடலையோ மிக்சரோ சிக்கியதாக இருந்தால் பகலில், தின்னும்போது, சளி இல்லாமல் திடீரென்று வந்திருக்கும். எக்ஸ்ரே எடுக்கவில்லை, ஊசி குத்தவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. சரியான முடிவு, ஒவ்வொன்றும் ஓர் அழுகை.

3.50: டெக்சாமெத்தசோன், கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், ஒரே ஒரு வேளை. 11 கிலோவுக்கு 6.6 மில்லிகிராம். வார்டில் இருந்தது ஊசி மருந்து, மில்லிக்கு 4 மில்லிகிராம், ஆக 1.65 மில்லி. அதையே வாய்வழி கொடுக்கலாம், கசப்பை மறைக்கக் கொஞ்சம் சர்க்கரைப் பாகு. ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து, சொட்டுச் சொட்டாக, ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு. நாக்கின் மேல் பீய்ச்சினால் துப்பிவிடும். கொடுத்த கையோடு வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டும். மருந்து வயிற்றில் நிற்கவே இல்லை என்றால் நெபுலைசரில் புடசோனைடு (இன்னொரு ஸ்டீராய்டு) 2 மில்லிகிராம் அல்லது தசையில் ஊசி. கிலோவுக்கு 0.15 மில்லிகிராமே போதும் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு; ஆஸ்திரேலியாவில் அந்த அளவு பரவலாகப் புழங்குகிறது. லேசான குரூப்புக்கும் இந்த ஒரு வேளை பயன் தரும்: கனடாவில் 720 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் (2004), மருந்து பெற்றவர்களில் திரும்ப மருத்துவரிடம் வர நேர்ந்தவர்கள் 7.3 சதவீதம், பெறாதவர்களில் 15.3.

3.55: அட்ரினலின் நெபுலைசர். மிதத்துக்கும் கடுமைக்கும் மட்டும். கிலோவுக்கு 0.5 மில்லி, 1:1000 கரைசல், உச்சம் 5 மில்லி. இந்தக் குழந்தைக்குக் கணக்கு 5.5, உச்சவரம்பால் 5. ஒரு ஆம்பூல் 1 மில்லி. “அஞ்சு ஆம்பூலா டாக்டர்?” என்று செவிலியர் தயங்கினார். தயங்கியதில் தப்பில்லை, ஊசியாகப் போடும் அளவு இதில் சிறு துளிதான். ஆனால் அந்தப் பழக்கத்தில் அரை மில்லியை உப்புநீரில் கலந்து வைத்தால் ‘அட்ரினலின் கேட்கவில்லை’ என்ற தவறான முடிவுக்கு வருவோம். ஐந்தையும் உடைத்து, நேரே நெபுலைசர் கிண்ணத்தில் ஊற்றி, ‘நெபுலைசருக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டினார். “மாஸ்கைக் கட்ட வேண்டாம்மா, மடியிலயே வெச்சு, மூக்குக்குக் கிட்டப் பிடிச்சுக்கங்க.” ஆக்சிஜன் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர்.

4.15-க்கு மதிப்பெண் 2. அழுதால் மட்டும் கூவல்.

இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு அனுப்பிவிடுகிறார்கள். அட்ரினலின் வீங்கிய இடத்து ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அந்தச் சுருக்கம் இரண்டு மணி நேரத்தில் தேய்ந்துவிடும். அதற்குள் டெக்சாமெத்தசோன் பிடித்திருக்க வேண்டும். இரண்டு மருந்தும் தோள் மாற்றிக்கொள்ளும் அந்த நேரத்தில் குழந்தை மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு மணி நேரம் வைத்துப் பார்ப்பது வழக்கம். 6 மணிக்கு லேசாகக் கரகரத்தது. ஓய்வில் ஸ்ட்ரைடர் வரவில்லை. 14 கிலோமீட்டர் மலைச்சாலை, காலை மூடுபனி. வெளிச்சம் வரட்டும் என்று வைத்திருந்து 8.15-க்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு எழுதிக் கொடுத்தது

சீட்டில் ஒரே ஒரு மருந்து. பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆக 165. கடையில் மூன்று விதப் புட்டி இருக்கிறது, குழப்பம் அங்கேதான். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3.3 மில்லி. 5 மில்லியில் 120 என்றால் சுமார் 6.8 மில்லி. 1 மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் 1.6 மில்லி. 120 சிரப்பின் அளவைச் சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். காய்ச்சலோ தொண்டை வலியோ இருந்தால் மட்டும், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம்.

ஆன்டிபயாடிக் இல்லை, பெரும்பாலும் பாராஇன்ஃபுளுயன்சா வைரஸ்தான் காரணம். இருமல் சிரப் இல்லவே இல்லை. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுத வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. ஒரு வயது தாண்டியதால் தேன் அரை ஸ்பூன் நக்கலாம். குளித்ததும் சாம்பிராணி போடுவதை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார்கள். அப்பாவின் பீடியை வாசலுக்கு வெளியே தள்ளினார்கள்.

இரண்டாவது இரவு திரும்ப வரலாம் என்று சொல்லியே அனுப்பினார்கள், வந்தது. 12 மணிக்குக் குரைப்பு, கூவல் இல்லை. திண்ணை, கம்பளி, கால் மணி நேரம், தூக்கம். மூன்றாம் நாள் சாதாரணச் சளி இருமலாக மாறியது. பெரும்பாலோருக்கு இப்படித்தான், இரண்டு மூன்று நாளில் குரைப்பு அடங்கும், மிச்ச இருமல் ஒரு வாரம் நீளும். அதிகக் காய்ச்சலோடு குழந்தை வாடிப்போய், அட்ரினலினுக்கும் மசியாமல் இருந்தால் மூச்சுக்குழாயில் பாக்டீரியா தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். ஆறு மாத வயதுக்குள்ளேயே வந்தாலும், ஒரே வருடத்தில் இரண்டு மூன்று முறைக்கு மேல் வந்தாலும், மூச்சுவழி பிறவியிலேயே குறுகலா என்று குழாய்க் கருவி விட்டுப் பார்க்கக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

தடுப்பூசி அட்டையைத் திரும்பக் கொடுக்கும்போது செவிலியர் ஒன்றைக் கண்டுபிடித்தார். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய முத்தடுப்பு பூஸ்டர் காலியாக இருந்தது. தொண்டை அடைப்பானுக்கு எதிரான காப்பு நீடிப்பது அதில்தான். ஒரு வேளை ஸ்டீராய்டு கொடுத்ததற்காக அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. காய்ச்சல் விட்டதும், அடுத்த புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லி அட்டையில் பென்சிலால் குறித்தார்.